எண்பது தொட்டால் உதறும்

அவர் எங்கள் வீட்டுப் படியேறினால் நான் போய் ஃப்ரிட்ஜுக்கு முன்னால் நின்றுகொள்வேன். முதல் தடவை வந்தபோது விவரம் தெரியாமல் காபி போட உள்ளே போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால், வாங்கிய நாளிலிருந்து கதவில் ஒட்டியிருந்த நட்சத்திர ஸ்டிக்கர் பாதி உரிந்து தொங்குகிறது. மனிதர் என் மாமியாரோடு மழையைப் பற்றிப் பேசிக்கொண்டே மீதியைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டிக்கொண்டிருக்கிறார்.

"அண்ணே, என்ன பண்றீங்க?" என்றேன்.

திடுக்கிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். "ஐயய்ய, தெரியாமப் பண்ணிட்டேன் டீச்சர். பாதியில விட்டா அசிங்கமா இருக்கும். முடிச்சிரட்டுமா?"

இப்படிக் கேட்கிற ஆளை என்னதான் செய்வது? முடித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுக் காபியை நீட்டினேன். தம்ளரின் அடியில் விலைச் சீட்டு ஒட்டியிருக்கிறதா என்று ஒரு தரம் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடித்தார்.

எங்கள் தெருதான், மூன்று வீடு தள்ளி. வாலிபத்தில் வளைகுடாவுக்குப் போனவர், தலை நரைக்கத் தொடங்கியபோது 'முடிச்சுக்கிட்டு' வந்தார். அறந்தாங்கியில் அந்தச் சொல்லுக்கு வேறு விளக்கம் வேண்டாம். விசாவை முடித்துக்கொண்டு, இனிமேல் போவதில்லை என்று வருவது. அப்படி வருகிறவர்கள் தைலமும் கம்பளியும் கொண்டுவருவார்கள். இவர் அவற்றோடு ஒரு சுரண்டியும் கொண்டுவந்தார். கைப்பிடி வைத்து, முனையில் தட்டையான பிளேடு செருகியது. அங்கே ஒரு பெரிய மாலில் தரை சுத்தம் செய்கிற வேலை அவருக்கு. பளிங்கில் கீறல் விழாமல் பபிள்கம்மைப் பெயர்த்தெடுப்பதில் அவரை அடிக்க ஆளில்லை என்று என் கணவர் சொல்வார். என் கணவரும் அதே ஊரில்தான் இருக்கிறார், ஏசி மாட்டுகிற வேலையில். இருவரும் கொஞ்ச காலம் ஒரே தொழிலாளர் கேம்ப்பில் தங்கியிருந்தவர்கள்.

அந்த மால் வேலையைப் பற்றி அவராகப் பேசமாட்டார். நான் ஒருநாள் நோண்டிக் கேட்டபோதுதான் சொன்னார். "கடை தெறக்குறதுக்கு முன்ன சூப்பர்வைசர் வருவான் டீச்சர். டார்ச்சத் தரையோட தரையாப் படுக்க வச்சு அடிப்பான். நின்னு பாத்தாத் தெரியாத புள்ளியெல்லாம் நெழல் விழுந்து தெரியும். ஒண்ணு தெரிஞ்சாலும் போச்சு. எல்லாரு முன்னாடியும் நிக்க வச்சு..." அவ்வளவுதான். நிற்க வைத்து என்ன செய்வான் என்று அன்றைக்கும் சொல்லவில்லை, அப்புறமும் சொல்லவில்லை.

ஒட்டியிருப்பது எதுவானாலும் அவர் கண்ணுக்கு அழுக்கு. ஆப்பிளில் இருக்கும் குட்டி லேபிள், கதவில் போன தீபாவளிக்கு யாரோ ஒட்டிய விளம்பரம், மிக்ஸியின் கம்பெனிப் பெயர், எதையும் விடமாட்டார். எங்கள் பக்கத்துப் பெண்கள் குளித்து வந்தால் பழைய ஸ்டிக்கர் பொட்டை எடுத்துக் கண்ணாடி ஓரத்தில் ஒட்டி வைப்போம், மறுபடி வைத்துக்கொள்ளலாம் என்று. அவர் வீட்டுக் கண்ணாடியில் ஒரு பொட்டு தங்காது. "நெத்தியில இருக்கறத மட்டுந்தான் விட்டு வச்சிருக்காரு டீச்சர், அதையும் என்னிக்குச் சொரண்டப்போறாரோ" என்று அவர் மனைவி சொல்லிச் சிரிப்பார். அவரும் கூடச் சிரிப்பார். சிரித்துக்கொண்டே கை மேசை விளிம்பைத் தடவிக்கொண்டிருக்கும்.

எனக்கு அவர் வெறும் பக்கத்து வீட்டுக்காரர் இல்லை. அவர் எனக்கு ஒரு சாட்சி. வளைகுடாவிலிருந்து வந்த ஆள் இங்கே பிழைக்க முடியும் என்பதற்குச் சாட்சி. என் கணவர் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் லீவில் போன் செய்வார். மகள் படிப்பு, அம்மா மாத்திரை எல்லாம் விசாரித்த பிறகு கடைசியில் ஒரு கேள்வி கேட்பார். "அண்ணன் ஓட்டம் எப்படி?" வந்ததும் அண்ணன் கார் ஓட்டக் கற்று, லைசென்ஸ் எடுத்து, பழைய வண்டி ஒன்று வாங்கி வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். "அவரு ஒரு நெலையா நின்னுட்டாருன்னு வையி, நானும் முடிச்சுக்கிட்டு வந்துர்றேன்" என்பார் என் கணவர். இதைச் சொல்லாத வாரமே இல்லை. நாலாவது படிக்கிற என் மகள் அப்பாவை லீவில் வருகிற விருந்தாளியாகத்தான் பார்த்திருக்கிறாள். நான் அந்த மனிதரின் வண்டி ஓடவேண்டும் என்று, கோயிலுக்குப் போனால் என் குடும்பத்துக்கு வேண்டுவதற்கு முன்பே வேண்டிக்கொள்வேன். சுயநலம்தான், யார் இல்லை என்றது?

வண்டி ஓடியது. நன்றாகவே ஓடியது. வெள்ளை நிற வண்டி, பளபளவென்று கம்பி கம்பியாக அலாய் சக்கரங்கள். உள்ளே ஏறினால் புதுப் பாத்திரம் மாதிரி இருக்கும். யாரையும் செருப்பைக் கழற்றச் சொல்லமாட்டார், ஆனால் நாம் இறங்கியதும் நம் கண்ணெதிரிலேயே கால்மிதியை எடுத்து உதறுவார். கிளம்புவதற்கு முன் செல்போன் டார்ச்சை டாஷ்போர்டில் படுக்க வைத்துப் பார்ப்பார். திருச்சி ஏர்போர்ட்டுக்கு ஆள் ஏற்றுவதுதான் முக்கியமான ஓட்டம். எங்கள் ஊரில் அதற்கா பஞ்சம்? வாரத்தில் ஏழு நாளும் யாராவது போய்க்கொண்டோ வந்துகொண்டோ இருப்பார்கள். "அவரு வண்டியில போனா மாப்பிள்ள மாதிரி போகலாம்" என்று ஊருக்குள் பேச்சு. என் மாமியாரை மாதாமாதம் திருச்சியில் நெஞ்சு டாக்டரிடம் காட்ட வேண்டும். அதற்கும் அவர்தான். அந்த மாதங்களில் என் கணவர் கேட்கும் கேள்விக்கு நான் நீட்டி முழக்கிப் பதில் சொல்வேன்.

அந்த வருஷ ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வண்டியைக் கழுவினார் பாருங்கள், அப்படி ஒரு கழுவல். அன்று முழுக்க அவருக்குச் சோறு தண்ணி இல்லை. நான் பள்ளிக்கூடம் முடிந்து வரும்போது தரையில் மல்லாந்து படுத்து, சக்கரத்தின் கம்பிகளுக்கு இடையில் முழங்கை வரை கையை விட்டுச் சுரண்டிக்கொண்டிருந்தார். "முன்னாடி வச்சிருந்தவன் சரியான சோம்பேறி டீச்சர். எத்தன வருசத்து அழுக்கு தெரியுமா உள்ள?" என்று படுத்தபடியே சொன்னார். பூஜையன்று சந்தனம், குங்குமம், வாழைக்கன்று, பூசணிக்காய் எல்லாம் ஆயிற்று. மறுநாள் ஏர்போர்ட் ஓட்டம்.

கீரனூர் தாண்டி ரோடு நேராகக் கிடக்கும் இடத்தில் எண்பதைத் தொட்டதும் ஸ்டியரிங் உதறத் தொடங்கியிருக்கிறது. அறுபதில் ஒன்றுமில்லை. எழுபதில் லேசாக. எண்பதில் இரண்டு கைகளும் முழங்கை வரை ஆடுகின்றன. வேகத்தைக் குறைத்தால் நின்றுபோகிறது. ஊருக்குள் ஓட்டினால் எதுவுமே தெரியாது.

பிறகு நானே அதைப் பார்த்தேன். மாமியாரைக் கூட்டிப்போன அன்று பின் சீட்டிலிருந்து அவர் தோளைத்தான் கவனித்தேன். கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது. ஓடுகிற மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடிப்பதுபோல ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருக்கிறார். என் மாமியாருக்கு எந்த நேரத்தில் எதைச் சொல்வது என்று தெரியாது. "எனக்குத்தான் நெஞ்சு படபடங்குதுன்னு டாக்டர்கிட்டப் போறேன், இங்க வண்டிக்கும் அதே கேஸாவுல்ல இருக்கு" என்றார். அவர் வேகத்தைக் குறைத்தார்.

கடைக்குப் போகாமல் இல்லை. அதுதான் கொடுமை. போனார், போய்க்கொண்டே இருந்தார். அறந்தாங்கியில் காட்டினார், புதுக்கோட்டையில் காட்டினார், திருச்சியிலும் காட்டினார். ஒருவர் அலைன்மென்ட் என்றார். ஒருவர் டயர் என்றார், முன்னால் இரண்டும் புதுசாக மாற்றினார். எல்லோரும் கூடவே வீல் பேலன்சிங்கும் செய்துகொடுத்தார்கள். கடைக்காரரே பைபாஸில் ஓட்டிக் காட்டுவார், எண்பது, தொண்ணூறு, ஆடாது அசையாது. இவரும் சந்தோஷமாக வீட்டுக்கு வருவார். மறுநாள் ஓட்டத்தில் பழையபடி உதறும்.

இது அவருக்கு ஒரே ஒரு அர்த்தத்தைத்தான் கொடுத்தது. ஏமாற்றுகிறார்கள். "ஓட்டிக் காட்டுற வரைக்கும் நிக்கிற மாதிரி என்னமோ பண்ணி விடுறாய்ங்க டீச்சர். நாம வெளிநாட்டுக்காரன்னு மொகத்துலயே எழுதியிருக்கு போல" என்பார். அதிர்ந்து பேசாத மனிதர் கடைகளில் போய்க் கத்தத் தொடங்கினார். ஒரு கடையில் சண்டை போட்டால் மறுபடி அந்தப் பக்கம் தலைவைக்க மாட்டார். அடுத்த கடை, அடுத்த சண்டை. அதனால் ஒரே ஆள் அந்தச் சக்கரத்தை இரண்டு தடவை பார்க்கிற சந்தர்ப்பமே வரவில்லை. கார் ஸ்டாண்டில் நாலு டிரைவர்களோடு நின்று பேசுகிற பழக்கமாவது இருந்ததா? அதுவும் இல்லை. ஓட்டம் இல்லாத நேரமெல்லாம் வீட்டு வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

அப்புறம்தான் அந்தச் சம்பவம். முதல் தடவையாக வெளிநாடு போகிற ஒரு பையனை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். பின் சீட்டில் அவன் தாய் அழுதுகொண்டே வந்திருக்கிறாள். கீரனூர் தாண்டியதும் ஸ்டியரிங் உதறியது. அந்தம்மாவுக்கு அழுகை நின்றுபோயிற்று. "ஏன்யா இப்புடி ஒதறுது? எம்புள்ள மொதப் பயணம் போறான்யா. நிப்பாட்டு, வண்டிய நிப்பாட்டு!" மாத்தூரில் நிறுத்தி, எலுமிச்சம்பழம் வாங்கிச் சக்கரத்தில் வைத்து ஏற்றிவிட்டுத்தான் மேலே போக விட்டாள். போன பையன் வேலை சரியில்லை என்று மூன்றே மாதத்தில் திரும்பி வந்துவிட்டான். ஏஜென்ட் ஏமாற்றியிருக்கிறான். ஆனால் ஊர் யாரைச் சொல்லும்? "அந்த ஒதறுற வண்டியிலதான போனான்?" என்றது. முடிந்தது கதை. பயணம் போகிற வீட்டில் சகுனம் பார்ப்பது எங்கள் ஊரில் விளையாட்டு இல்லை. பூனை குறுக்கே போனாலே உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புகிற சனம், தானே நடுங்குகிற வண்டியில் ஏறுமா? ஏறுகிற ஒன்றிரண்டு பேரும், அறுபதிலேயே ஊர்ந்தால் பிளைட்டைப் பிடிக்க முடியுமா என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

வண்டி வாசலிலேயே நின்றது. நிற்கிற வண்டியைத் துடைத்தார். "அவரு தொடைக்கிற சத்தத்துலதான் எனக்கு முழிப்பே வருது" என்றார் அவர் மனைவி. இந்த முறை சிரிக்கவில்லை. "ஏஜென்ட் போன் பண்றான் டீச்சர். பழைய மால்லயே ஆள் கேக்குறாங்களாம். வேணாம்னு சொல்லிட்டாரு. ஆனா முன்ன மாதிரி படக்குன்னு சொல்லல."

அந்த வெள்ளிக்கிழமை என் கணவர் கேட்டபோது, "ஓடுது, ஓடுது" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினேன்.

அடுத்த மாதம் மாமியாரைக் கூட்டிக்கொண்டு திருச்சியிலிருந்து திரும்பும்போது புதுக்கோட்டையில் நான்தான் சொன்னேன். "அண்ணே, இங்க ஒரு டயர் கடையில ஏமாத்துனாய்ங்கன்னு சொன்னீங்கள்ல, அங்கிட்டு விடுங்க வண்டிய."

"வேணாம் டீச்சர். நான் அங்க சண்ட போட்டுட்டு வந்திருக்கேன்."

"இன்னிக்கு நான் போடுறேன். நீங்க சும்மா நில்லுங்க."

எனக்கு வாய் ஜாஸ்தி, அது ஊருக்கே தெரியும். கடைக்குள் நுழைந்ததும் ஆரம்பித்துவிட்டேன். வெளிநாட்டில் கஷ்டப்பட்டுச் சம்பாதித்தவரை இப்படிச் செய்யலாமா, உங்களுக்கெல்லாம் குடும்பம் இல்லையா, பிள்ளை குட்டி இல்லையா என்று ஒரு பாட்டம். கடை மெக்கானிக் நாற்பது வயதுக்காரர். கையைத் துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"முடிச்சிட்டீங்களாம்மா? இந்த வண்டி எனக்கு ஞாபகம் இருக்கு. இம்புட்டுச் சுத்தமா ஒரு வண்டி இந்தக் கடைக்கு வந்ததில்ல. நாந்தான் வீல் பாத்தேன். வாங்க, கழட்டிப் பாப்போம்" என்றார்.

சக்கரத்தைக் கழற்றி உள்பக்கத்தைத் திருப்பினார். விரலை விட்டுத் தடவினார். மறுபடி தடவினார். "எங்க போச்சு?" என்றார்.

"என்னது?"

"வெயிட்டு."

பிறகு எனக்குப் புரியும்படி சொன்னார். சக்கரம் பார்க்கத்தான் வட்டம். எங்காவது ஒரு பக்கம் துளி கனம் கூடுதலாக இருக்கும். மெதுவாகச் சுற்றினால் தெரியாது, வேகமாகச் சுற்றும்போது அந்தக் கனம் சக்கரத்தைத் தூக்கித் தூக்கிப் போடும், அது ஸ்டியரிங்கில் வந்து உதறும். மெஷினில் மாட்டிச் சுற்றினால் எங்கே எவ்வளவு குறைகிறது என்று காட்டும். அங்கே ஒரு சின்ன ஈயத் துண்டை ஒட்டிவிட்டால் சரி. ஒட்டுவதுதான் பேலன்சிங். சொல்லிக்கொண்டே டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினார். சாம்பல் நிறத்தில் கட்டம் கட்டமாக, பின்னால் பசையோடு, விரல் நகம் அகலத்தில் ஒரு பட்டை.

"தானா விழுந்திருக்குமோ?" என்றேன்.

"விழுந்தாப் பச இருக்கும்ல? தடமாவது இருக்கும்ல? இங்க பாருங்க, கண்ணாடி மாதிரி இருக்கு. இது யாரோ பேத்து எடுத்து, பசையவும் தொடச்சு விட்டிருக்காய்ங்க. வண்டிய யாரு கழுவுறது?"

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் காருக்குள் குனிந்து, மெக்கானிக் கையை வைத்த கதவுப் பிடியில் எண்ணெய்த் தடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். எல்லாக் கடைகளிலும் இதைத்தான் செய்திருப்பார். அவர்கள் சக்கரத்தில் என்ன செய்கிறார்கள் என்று ஒருநாளும் நின்று பார்த்திருக்கமாட்டார். கடைக்காரன் கை பட்ட அழுக்கோடு வண்டி வீட்டுக்கு வரும். வந்த அன்றே சக்கரம் நாலையும் கழுவிச் சுரண்டினால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

"அண்ணே, இங்க வாங்க" என்றேன்.

வந்தார். மெக்கானிக் கையில் இருந்த பட்டையைப் பார்த்தார். கையை நீட்டி வாங்கினார். பசையின் மேல் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார்.

"இதுவா?" என்றார். "இத நான் அழுக்குன்னுல்ல நெனச்சேன்."

மெக்கானிக்குக்கு ஒரு நொடி பிடித்தது. அப்புறம் சிரித்தார் பாருங்கள். "ஏப்பா இங்க வாங்கப்பா! நாம ஒட்டி விடுறோம், அண்ணன் வீட்டுக்குப் போயி சொரண்டி எடுத்துட்டு, பேலன்ஸ் இல்லைன்னு நம்மகிட்டயே சண்டைக்கு வாராரு!" கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். என் மாமியார் காருக்குள்ளிருந்து விஷயத்தைக் கேட்டு வாங்கிச் சிரித்தார். நானும் சிரித்தேன். நிம்மதியில் சிரித்தேன். இவ்வளவுதானா? இத்தனை நாள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்தது இதற்குத்தானா? கடைசியாக அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் சரியாகப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என் வாயை மூடியிருப்பேன்.

புதுசாக ஈயம் ஒட்டிய பிறகு அறந்தாங்கி ரோட்டில் எண்பது, தொண்ணூறு. ஸ்டியரிங் வைத்த இடத்தில் நின்றது. "அண்ணே, சூப்பர்ணே!" என்று நான் கத்தினேன். அவர் ஆமாம் என்று தலையாட்டினார்.

சகுனம் விட்ட இடத்தைச் சிரிப்பு பிடித்துக்கொண்டது. கதை எங்களுக்கு முன்னால் ஊருக்கு வந்துவிட்டது. யார் சொன்னார்கள் என்று கேட்காதீர்கள், என் மாமியாருக்கும் வாய் உண்டு. ஸ்டாண்டில் அவருக்குப் பெயர் வைத்துவிட்டார்கள், 'சொரண்டி' என்று. வண்டி சரியாகிவிட்டது என்று தெரிந்து கூப்பிட்டவர்கள்கூட, ஏறும்போது, "என்னண்ணே, இன்னிக்கு வெயிட்டெல்லாம் இருக்கா, சொரண்டிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஏறினார்கள். வேறு யாராக இருந்தாலும் திருப்பி ஒன்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்திருப்பார்கள். எல்லோர் முன்னாலும் நிற்க வைத்தால் அந்த மனிதருக்கு என்ன ஆகும் என்று இவர்களுக்குத் தெரியாது. எனக்குக் கொஞ்சம் தெரியும். அதனால் ஒவ்வொருவனையும் செருப்பால் அடிக்கலாம்போல வந்தது.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அவர் மனைவி வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டார். "பாஸ்போர்ட்ட ஏஜென்ட்கிட்டக் குடுத்துட்டாரு டீச்சர். நான் சொன்னாக் கேக்க மாட்டேங்குறாரு. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க."

அவர் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். மேலே வெள்ளை கண்ணைப் பறித்தது. கண்ணாடியில் ஒரு துளி தண்ணீர்த் தடம் இல்லை. ஆனால் நாலு சக்கரமும் சேறு பூசியபடியே இருந்தன. மழை பெய்து பல நாளாகியிருந்தது. அந்தச் சேறு காய்ந்து, வெடித்து, கம்பியோடு ஒட்டிக்கிடந்தது.

"அண்ணே, வீலு?" என்றேன்.

"தொடப் பயமா இருக்கு டீச்சர்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என்னண்ணே பேச்சு இது? இப்பத்தான் தெரிஞ்சுபோச்சுல்ல, எதத் தொடக்கூடாதுன்னு? வண்டி கல்லு மாதிரி நிக்குது. ரெண்டு மாசம் போனா எல்லாப் பயலும் மறந்துருவான். இதுக்குப் போயி மறுபடியும் அந்தக் கேம்ப்புல போயிக் கெடக்கப் போறீங்களா? ஒங்க தலையில என்ன எழுதியிருக்கு, கடைசி வரைக்கும் பபிள்கம்மு சொரண்டணும்னா?"

இவ்வளவு கடுமையாகப் பேசியிருக்க வேண்டாம். ஆனால் நான் அவருக்காக மட்டும் கத்தவில்லை, அது எனக்கே தெரிந்தது.

அவர் துணியைப் பிழிந்து, மடித்து, பக்கெட் விளிம்பில் போட்டார். "அங்க எதச் சொரண்டணும், எதச் சொரண்டக்கூடாதுன்னு சொல்றதுக்கு ஆள் இருக்கான் டீச்சர். வைவான், கேவலமாத்தான் வைவான். ஆனா சொல்லிருவான். இங்க வந்து எனக்கு ஒண்ணும் தெரிய மாட்டேங்குது. எது அழுக்கு, எது வேணுங்கிறதுன்னு தெரியல. வண்டியில இது தெரிஞ்சுபோச்சு. இன்னும் எத எதப் பேத்து எறிஞ்சு வச்சிருக்கேனோ?" என்று சொல்லிவிட்டு வீட்டுப் பக்கம் பார்த்தார். அவர் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வண்டியை ஸ்டாண்டில் இருந்த ஒருவருக்குக் கொடுத்தார். ஏர்போர்ட்டுக்கு அந்த வண்டியிலேயே, பின் சீட்டில் உட்கார்ந்து போனார். வாங்கியவர்தான் ஓட்டினார். திரும்பி வந்து அவர் தெருவில் சொன்னது இதுதான்: "நூறு தொட்டும் வண்டி அலுங்கல. அண்ணன் ஒரு வார்த்த பேசல."

அடுத்த வெள்ளிக்கிழமை என் கணவர் போன் செய்தார். எப்படிச் சொல்வது என்று காலையிலிருந்தே மனதுக்குள் ஓட்டிப் பார்த்து வைத்திருந்தேன். அவர் மகளை விசாரிக்கவில்லை, அம்மா மாத்திரையைக் கேட்கவில்லை.

"அண்ணன் இங்கதான் இருக்காரு, தெரியுமா? என் கட்டிலுக்கு மேல் கட்டில்தான் குடுத்திருக்காங்க. ஏன்டி என்கிட்டச் சொல்லல?"

"சொல்லத்தான் இருந்தேங்க. அதுக்குள்ள..."

"சரி விடு. நானும் விசாவ ரினியூ பண்ணச் சொல்லிட்டேன். ரெண்டு வருசம் போகட்டும். அண்ணனாலயே அங்க நிக்க முடியலன்னா, நான் வந்து என்னத்தப் புடுங்கப்போறேன்?"

"ஐயோ, இல்லைங்க. அவருக்கு ஓட்டமெல்லாம் இருந்துச்சுங்க. வண்டியிலயும் ஒண்ணுமில்ல. வீலுக்குள்ள ஈயத் துண்டு ஒட்டியிருப்பாங்க, சின்னதா, நகம் அகலத்துல. அத அவரு அழுக்குன்னு நெனச்சு எடுத்துட்டாரு. அதனாலதான் உதறுச்சு. இப்பச் சரியாயிருச்சு. அம்புட்டுத்தான் விசயம். சத்தியமா அம்புட்டுத்தாங்க."

என் கணவர் சிரித்தார்.

"நகம் அகலத்து ஈயத்துக்காகவா ஒரு மனுசன் பொண்டாட்டிய விட்டுட்டு இம்புட்டுத் தூரம் திரும்பி வருவான்? போடி. அங்க பொழைக்க வழியில்லன்னு சொல்ல அவருக்கு வெக்கம். நீயும் எனக்கு ஆறுதல் சொல்றதா நெனச்சுக் கத கட்டாத."

"கதை இல்லைங்க! வேணும்னா அவருகிட்டயே கேளுங்க!"

"ஏன் வந்தீங்கன்னு கேட்டேன். மேல படுத்துக்கிட்டு, செவுத்துல இருக்குற ஸ்டிக்கரச் சொரண்டிக்கிட்டு இருக்காரு."

சரி, புள்ளையக் கூப்பிடு என்றார். நான் போனை மகளிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். அப்பா எப்பப்பா வருவீங்க என்று அவள் கேட்பது உள்ளே வரை கேட்டது.